சதக்: நகர எல்லைக்கு அப்பால் வளர்ந்த இலக்கியம்

இலண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள சதக் பகுதியைச் சோசர், சேக்ஸ்பியர், டிக்கன்ஸ் ஆகிய மூவரின் பெயரோடு இணைத்துப் போற்றுவது இலக்கிய வரலாற்றாசிரியர் வழக்கம். மேதைகளின் பெயர்ப்பட்டியலாகவே இவ்வரலாற்றைக் கூறுவோர், இவர்களை இவ்விடத்துடன் பிணைத்தது யாது என்று வினவுவதில்லை. வடகரையிலிருந்த வணிகர் ஆட்சி தன் மதில்களுக்குள் விரும்பாதனவற்றையெல்லாம் ஏற்ற புறநகர் இது என்பதே அதற்கான விடையாகும்.

1750 இல் வெஸ்ற்மின்ஸ்ரர் பாலம் திறக்கப்படும்வரை நகரையும் தென்கரையையும் இணைத்தது ஒரேயொரு பாலம். அதன் தென்முனையில் சத்திரங்கள் பெருகின. சோசரின் யாத்திரிகர் கன்ரபரிக்குப் புறப்படும் ரபாட் சத்திரம் அவற்றுள் ஒன்று. அது 1873 இல் இடிக்கப்பட்டது.

நாடக அரங்குகளின் வரலாறு இதனினும் சிக்கலானது. பிற்பகலில் நிகழ்ந்த நாடகங்கள் தொழில் பயில்வோரை வேலையினின்றும் ஈர்த்தமை நகராட்சியினரின் எதிர்ப்புக்கு ஒரு காரணம். சமயத் தூய்மைவாதம் மட்டும் அன்று. 1587 இல் றோஸ் அரங்கும், 1599 இல் குளோப் அரங்கும் எழுந்த நிலப்பகுதி வின்செஸ்ரர் ஆயரின் தனியுரிமைக்கு உட்பட்டது; நகராட்சியின் ஆணை அங்கு செல்லாது. (1546 வரை அப்பகுதியில் பரத்தையர் விடுதிகள் இயங்கியதும் இவ்வாயர்களின் அதிகாரத்தின் கீழேயே!) றோஸ் அரங்கின் உரிமையாளர் ஹென்ஸ்லோ அடகுபிடித்து வட்டிக்குப் பணம் கொடுத்தவர், குளோப் அரங்கிலோ சேக்ஸ்பியர் உட்பட நடிகர் சிலர் பங்காளர். நிலமானிய அமைப்பின் எச்சமான ஓர் உரிமையின் நிழலிலேயே முதலாளித்துவ நாடகத் தொழில் வேரூன்றிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1642 இல் பாராளுமன்றம் அரங்குகளை மூடியது.

சிறைகளும் இங்கேயே குவிந்தன. 1824 இல் டிக்கன்ஸின் தந்தை வெதுப்பகக்காரர் ஒருவருக்குச் செலுத்தவேண்டிய 40 பவுண் 10 சிலிங் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயதுச் சிறுவனான டிக்கன்ஸ், சப்பாத்து மை தயாரிக்கும் தொழிலகத்தில் கூலிவேலை செய்தவாறு, சிறைக்கு அண்மையில் லன்ற் வீதியில் ஓர் அறையில் தங்கினார். உழைத்துக் கடன் தீர்க்க வேண்டியவனைப் பூட்டிவைத்து, அடைபட்ட அறைக்கும் வாடகை வாங்கிய அமைப்பு அது. 1855-57 காலப்பகுதியில் தொடராக வெளிவந்த 'லிற்றில் டொறிற்' நாவலில் அச்சிறை முழுச் சமூகத்தின் உருவகமாக விரிகின்றது. ஆயினும், அது தம் சொந்த அனுபவம் என்பதை டிக்கன்ஸ் வாசகருக்கு வெளிப்படுத்தவில்லை. 1870 இல் அவர் மறைந்த பின்னர், நண்பர் போர்ஸ்ரர் எழுதிய வாழ்க்கை வரலாறே அதனை உலகறியச் செய்தது. வர்க்க இழிவு குறித்த அச்சம் புகழின் உச்சியிலும் அவரை விட்டகலவில்லை.

குளோப் அரங்கு அதன் பழைய இடத்திற்கு அண்மையில் மீள அமைக்கப்பட்டு 1997 இல் திறக்கப்பட்டது. 1842 இல் மூடப்பட்ட மார்ஷல்சீயில் எஞ்சி நிற்பது ஒரு நெடுமதில்.