தக்காளி வைரஸுக்கு ஈஸ்டில் விசாரணை

சென்னைக்குத் தக்காளி அனுப்பும் ஊர்களில் முக்கியமானது மதனப்பள்ளி. ஆந்திராவில் இருக்கிறது. அந்தப் பக்கத்து வயல்களில், நாற்று நட்ட சில வாரங்களிலேயே நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மேல்நோக்கி மடங்கி, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் ஏறிவிட்டால் அந்தச் செடியை நம்பிப் பயனில்லை. இலைச்சுருள் நோய் அது. வெள்ளை ஈ கொண்டுவரும் ஜெமினி வைரஸ்தான் காரணம். அதன் டிஎன்ஏ வட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள் மட்டுமே கொண்டது. புரதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவற்றில் ஒன்று சி4. சுமார் 100 அமினோ அமிலம்தான். வைரஸே இல்லாமல் இந்தப் புரதத்தை மட்டும் செடிக்குள் உருவாக்கினாலும் இலை சுருள்கிறது! அப்படியானால் செல்லுக்குள் அது எதைப் பிடிக்கிறது?

இங்கேதான் ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் உதவுகிறது. 1989இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-க்யூ சாங்கும் ஒரு வழி கண்டார்கள். ஈஸ்டில் மரபணுவை இயக்கும் கேல்4 என்ற புரதத்தை இரண்டாகப் பிரித்தார்கள். இன்று ஒரு பாதியில் சி4ஐயும், மறுபாதியில் செடியின் புரதங்களை ஒவ்வொன்றாகவும் ஒட்டவைக்கலாம். இரண்டும் கைகோத்தால் கேல்4 மீண்டும் வேலை செய்யும். அது இயக்கும்படி அமைத்த மரபணுவால்தான் இந்த ஈஸ்ட் தனக்கு வேண்டிய அமினோ அமிலமான ஹிஸ்டிடினைத் தயாரிக்க முடியும். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் சில நாளில் வெள்ளைப் புள்ளி முளைத்தால், துப்பு கிடைத்தது என்று பொருள்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009இல் இப்படித்தான் தக்காளியின் 'ஷாகி' வகைக் கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) ஒன்றைப் பிடித்தார்கள். இந்தக் குடும்பத்துக் கைனேஸ்கள் பிராசினோஸ்டீராய்டு என்ற வளர்ச்சி ஹார்மோனின் சமிக்ஞைக்குப் பிரேக் போடுபவை. இவற்றின் உறவினர்கள் ஈஸ்டிலும் உண்டு, மனிதரிலும் உண்டு.

ஆனால் ஈஸ்ட் தருவது துப்பு மட்டுமே. அந்த ஹார்மோனை உணரும் அமைப்பு ஈஸ்டுக்குக் கிடையாது. போலிப் புள்ளிகளும் முளைக்கும். செடியில் சோதித்தே தீர வேண்டும். சீனாவின் யுன்னான் பெயர் கொண்ட தக்காளி இலைச்சுருள் வைரஸை ஆராய்ந்தவர்கள் 2018இல் அதைச் செய்தார்கள்: சி4 இந்தக் குடும்பத்துக் கைனேஸ் ஒன்றை உட்கருவிலிருந்து செல் சவ்வுக்கு இழுத்துப்போகிறது, பிரேக் தளர்ந்து செல்கள் கட்டுமீறிப் பிரிகின்றன.

இந்தியாவில் டெல்லி, பெங்களூரு பெயர்களிலேயே தனித்தனி இலைச்சுருள் வைரஸ்கள் உண்டு. எல்லாவற்றின் சி4உம் ஒரே கைனேஸைத்தான் பிடிக்கிறதா? திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் வைராலஜிக்கென்றே துறை இருக்கிறது. 2015 முதல் அதே ஊரில் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. நோய் வரும் வயல்களுக்கு இவ்வளவு அருகிலேயே இந்தக் கேள்விக்கு விடை தேடலாம் என்பதே என் எண்ணம். விடை தெரிந்தால், சி4 பற்ற முடியாத கைனேஸ் கொண்ட தக்காளி ரகத்தைத் தேடத் தொடங்கலாம்.