மூன்று நிலையங்கள் போதும்

 இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பல, கோட்டுருவை எஸ்.பி.எம். தேர்வுத் தாளில் வரும் இரண்டு அச்சு வரைபடம் என்றே எடுத்துக்கொண்டிருக்கின்றன. இங்கே கோட்டுரு என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டும்தான். ரயில் பாதைப் படம் மாதிரி. இந்தக் கோட்டுரு, குலம் என்ற இயற்கணித அமைப்பிலிருந்து வருகிறது. முடிவுறு குலம் ஒவ்வொன்றுக்கும் பகுக்கவியலாக் கேரக்டர்கள் என்ற சார்புகள் உண்டு. அவற்றின் படிகள் முழு எண்கள். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் குலத்தின் உறுப்பு எண்ணிக்கை வரும். 60 உறுப்புகள் கொண்ட ஏ5 குலத்தின் படிகள் 1, 3, 3, 4, 5. வர்க்கங்களின் கூட்டுத்தொகை சரியாக 60. படிகளை வகுக்கும் பகா எண்கள்தாம் புள்ளிகள். இரண்டு பகா எண்களின் பெருக்கற்பலன் ஏதாவதொரு படியை வகுத்தால் அவற்றுக்கிடையே கோடு விழும். ஏ5-இல் 2, 3, 5 ஆகிய மூன்றும் கோடே இல்லாமல் தனித்து நிற்கின்றன.

கோட்டுருவைப் பார்த்தே குலத்தின் உள்ளமைப்பைச் சொல்லிவிடலாம் என்ற பேச்சை அப்படியே நம்பக் கூடாது. கோட்டுரு சொல்வது குறைவு. ஆனால் சொல்வதில் ஒன்று அசைக்க முடியாதது. தீர்வுறு குலம் (பரிமாற்றுக் குலங்களை அடுக்கிக் கட்டக்கூடியது) எதுவானாலும், அதன் கோட்டுருவில் எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் குறைந்தது இரண்டுக்கு நடுவே கோடு இருந்தே தீரும் என்று ஹங்கேரியின் பால்ஃபி 1998-இல் நிறுவினார். நம் ரயில் பாதையில் பாகான் செராய், தைப்பிங், ஈப்போ மூன்றையும் பாருங்கள். எந்த இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள் அல்ல. முதலிரண்டுக்கு நடுவே கமுண்டிங்காவது வந்துவிடுகிறது. ஆகவே இந்தப் பாதைப் படம் எந்தத் தீர்வுறு குலத்தின் கோட்டுருவாகவும் இருக்க முடியாது. கோடிக்கணக்கான குலங்களைச் சோதிக்க வேண்டாம், மூன்று நிலையங்கள் போதும். ஏ5 தீர்வுறு குலமல்ல என்பதும் இதே வழியில் ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. மறுதிசையில்தான் தடுக்கி விழுகிறோம். 120 உறுப்புகள் கொண்ட எஸ்5-இன் படிகளில் 6 இருப்பதால் 2-க்கும் 3-க்கும் கோடு விழுகிறது, நிபந்தனை நிறைவேறுகிறது. ஆனாலும் எஸ்5 தீர்வுறு குலமல்ல. இந்தச் சோதனை 'இல்லை' என்றால் முடிவு உறுதி. 'தடையில்லை' என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

இவ்வளவு தகவலைத் தொலைக்கிற படம் எதற்கு என்று கேட்கலாம். தொலைத்த பிறகும் மிஞ்சுவது எது என்பதுதான் இதில் கேள்வியே. அக்லாகி, கசோலோ, டோல்ஃபி, கெத்ரி, பசிஃபிச்சி ஐவரும் 2018-இல் பால்ஃபியைத் தாண்டிப் போனார்கள். தீர்வுறு குலத்தின் பகா எண்களை இரண்டே கூட்டமாகப் பிரிக்கலாம், ஒரு கூட்டத்துக்குள் எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்திருக்கும் என்பது அவர்கள் முடிவிலிருந்து கிடைக்கிறது. மூன்று பகா எண்களில் இரண்டு ஒரே கூட்டத்தில் விழுந்தாக வேண்டும் அல்லவா? பால்ஃபியின் விதி இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இன்னும் சில கேள்விகள். தமிழர்கள் யாரேனும் இந்த ஆய்வில் உண்டா? திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தமிழ்ச்செல்வம், வேறு இருவரோடு சேர்ந்து, இந்தக் கோட்டுரு எப்போது ஆய்லர் வகையாகும், அதாவது ஒவ்வொரு கோட்டிலும் ஒரே முறை சென்று தொடங்கிய புள்ளிக்கே எப்போது திரும்பலாம் என்று ஆராய்ந்திருக்கிறார்.

கோட்டுரு எத்தனை துண்டாகலாம்? மூன்றுக்கு மேல் ஆகாது. தீர்வுறு குலமானால் இரண்டுக்கு மேல் ஆகாது.

ஒரே கோட்டுரு இரண்டு குலங்களுக்கு வருமா? வரும்.