நாற்காலி யாருக்கும் சொந்தமில்லை

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா, அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்றிலிருந்து களியக்காவிளை ஒரு மாநிலம், அதை ஒட்டிய பாறசாலை இன்னொரு மாநிலம். ஆனால் இரு பக்கத்துப் பிழைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பாறசாலை, காரோடு, செங்கல், குன்னத்துகால் பஞ்சாயத்துகளிலிருந்து தினமும் காலை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏராளமானோர் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். ஜவுளிக்கடை விற்பனையாளர்கள், செவிலியர்கள், கணக்கர்கள், டெக்னோபார்க் ஊழியர்கள் என எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்களில் இளையவர்களின் கைப்பேசியில் தலைமைப் பண்பு பற்றிய பேச்சுகள் வந்து குவிகின்றன. தன்னம்பிக்கையோடு பேசு, மேலதிகாரியின் மனமறிந்து நட, நீயும் தலைவன் ஆகலாம் என்கின்றன அவை. வேலையில் முன்னேறுவதைத் தனி ஆளின் சாமர்த்தியமாக மட்டுமே அவை பார்க்கின்றன. அது முழு உண்மை ஆகாது. நல்ல தலைமை பெரும்பாலும் வேலையிடத்தின் ஏற்பாட்டிலிருந்தே பிறக்கிறது. கணக்கு எல்லார் முன்னும் வருகிறதா? கேள்வி கேட்டவர் நிம்மதியாக வேலையில் தொடர முடிகிறதா? கீழே இருப்பவர் மேலே ஏறப் படி இருக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் சாதாரண மனிதர்களும் நல்ல தலைவர்களாகிறார்கள். இவை இல்லாவிட்டால் நல்லவர்களும் கெட்டுப்போக வழியுண்டு. இதற்கான சான்றுகளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

முதல் சான்று கேரளத்தின் குடும்பஸ்ரீ. 1998 மே 17-ஆம் தேதி மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்த இந்த அமைப்பில் இன்று நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அதன் அடித்தளம் அயல்கூட்டம். பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்ந்த பத்து முதல் இருபது பெண்கள் வாரம் ஒருமுறை ஓர் உறுப்பினர் வீட்டில் கூடுகிறார்கள். வருகைப் பதிவு, சேமிப்புப் பணம், கடன் தவணை எல்லாம் எல்லார் கண்முன்னும் எண்ணி, பதிவேட்டிலும் அவரவர் பாஸ்புக்கிலும் எழுதப்படுகின்றன. மகளின் படிப்புக்கோ ஆடு வாங்கவோ ஒருவர் கடன் கேட்டால், தேவை என்ன, எப்படித் திருப்பிக் கட்டுவார் என்பதை அத்தனை பேரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். பொறுப்புகளும் ஒருவர் கையில் குவிவதில்லை. தலைவர், செயலாளர் தவிர, தொழில், சுகாதாரம், அடிப்படை வசதி ஆகியவற்றுக்கும் தனித்தனி ஆட்கள் என்பது தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். வார்டு அளவில் ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். என்ற கூட்டமைப்புகளாக மேலே போகப் படிகள் இருக்கின்றன. பொது இடத்தில் வாய் திறந்து பேசியறியாத பெண்கள் இந்தப் படிகளில் ஏறி, ஆயிரக்கணக்கில் உள்ளாட்சி உறுப்பினர்களாகவே ஆகியிருக்கிறார்கள். யாரும் இவர்களுக்குத் தலைமைப் பண்பை முன்கூட்டியே சோதித்துப் பார்த்துச் சேர்க்கவில்லை. வாராவாரம் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும், அடுத்த முறை தானும் பொறுப்பேற்க வேண்டிவரும் என்ற நிலையும் அந்தப் பண்பை வளர்த்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஊக்குநர், பிரதிநிதி என்ற பெயரில் நடப்பதும் இதே பயிற்சிதான்.

கிராமத்துச் சீட்டுக் கணக்கையும் பெரிய நிறுவனங்களையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கலாம். வைக்கலாம் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அந்தக் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர்கள் பயமில்லாமல் தவறை வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது பிறகு தெளிவானது. பல ஆண்டுகள் கழித்து கூகுள் நிறுவனம் தன்னுடைய 180 குழுக்களை ஆராய்ந்தபோதும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. குழுவில் எத்தனை கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதே பலனைத் தீர்மானித்தது. அதிலும் முதலில் நின்றது, தெரியாததைத் தெரியாது என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா என்பது. அயல்கூட்டத்தில் இந்த மாதம் தவணை கட்ட முடியவில்லை என்று எழுந்து சொல்லும் பெண்ணுக்கும், தான் எழுதிய நிரலில் பிழை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் மென்பொருள் ஊழியருக்கும் வேண்டியது அதே பாதுகாப்புதான்.

படி இருப்பது என்றால் என்ன என்பதற்குக் கேரளத்தில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் இந்தியன் காபி ஹவுஸ். காபி வாரியம் நடத்திவந்த காபி கடைகள் 1950-களில் மூடப்பட்டபோது ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் அவர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளை எடுத்து நடத்தினார்கள். 1957-இல் பெங்களூரில் தொடங்கி, 1958 மார்ச் 8-ஆம் தேதி திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை திறந்தது. திருவனந்தபுரம் தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய சுழல் வடிவக் கட்டடத்திலும் அந்தச் சங்கத்தின் கடைதான் நடக்கிறது. பாறசாலை ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் நடந்தே போய்விடலாம். மேசையருகே வரும் ஊழியரின் விசிறித் தலைப்பாகையில் உள்ள பட்டையை வைத்தே அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். மேசை துடைக்கும் வேலையிலும் அடுக்களை வேலையிலும் சேர்ந்தவர்கள் பரிமாறுபவராகி, பிறகு மேலாளராக உயர்வது அங்கே வழக்கம். நேற்று தட்டு கழுவியவர் இன்று மேலாளராக நிற்கும்போது, கழுவுகிறவரின் கஷ்டம் அவருக்குத் தனியாக விளக்கத் தேவையில்லை. கீழே இருப்பவருக்கும் இன்றைய வேலை நாளைய பதவியோடு சேர்ந்திருப்பது கண்ணால் தெரிகிறது. உழைப்பில் ஈடுபாடு வருவதற்கு இதைவிட உறுதியான காரணம் கிடையாது.

இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு, தனி மனிதர்களின் ஆற்றலைப் பற்றியது. ஏ.கே. கோபாலன் இல்லாமல் காபி ஹவுஸ் உண்டா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது. 1888-இல் நெய்யாற்றங்கரையில் நாராயண குரு சிவலிங்கம் நிறுவினார். அவருடைய ஆளுமையின் வலிமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றி உருவான சிறு கூட்டம் 1903-இல் எஸ்.என்.டி.பி. யோகம் என்று விதிகளோடு பதிவு செய்யப்பட்ட அமைப்பானது. குரு தலைவர், அன்றாட நிர்வாகம் செயலாளர் குமாரன் ஆசானிடம். ஒரு துறவியின் மேல் மக்கள் வைத்த அன்பு, அவர் இல்லாத காலத்திலும் நிற்கக்கூடிய ஏற்பாடாக மாறியது. அந்த அமைப்புக்குப் பின்னால் நின்ற டாக்டர் பல்பு, வெறும் திறமையால் எதுவரை போக முடியும் என்பதற்குத் துயரமான சாட்சி. சென்னையில் மருத்துவம் படித்துத் தேறிய அவருக்குத் திருவிதாங்கூர் அரசு சாதியைக் காட்டி வேலை மறுத்தது. அவர் மைசூர் அரசில் பணியாற்ற வேண்டியிருந்தது. 1896-இல் 13,176 பேர் கையெழுத்திட்ட மனுவை மகாராஜாவுக்கு அனுப்பியவர் அவர். தன்னம்பிக்கை, உழைப்பு, பேச்சுத் திறன் என்று இன்றைய பேச்சாளர்கள் கேட்கும் எல்லாமே அவரிடம் இருந்தன. ஏறப் படி மட்டும் இல்லை. ஆகவே அவர் இன்னொரு பயிற்சி வகுப்பைத் தேடாமல், அமைப்பை மாற்றப் புறப்பட்டார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கூட்டுறவு என்று புகழ்ந்துவிட்டு, கருவன்னூரை மறக்கலாமா? திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் நடந்த கடன் மோசடி 2021-இல் வெளிவந்தபோது, வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் மருத்துவச் செலவுக்குக்கூடப் பணம் எடுக்க முடியாமல் தவித்தார்கள். நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள கண்டல கூட்டுறவு வங்கியில் 2023-இல் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. இவற்றை மூடி மறைத்துப் பேசினால் வாதம் நேர்மையற்றதாகிவிடும். ஆனால் இந்தச் சம்பவங்கள் காட்டுவது என்ன? கூட்டுறவு என்ற பலகை மட்டும் யாரையும் காப்பாற்றாது. உறுப்பினர்கள் கணக்கைப் பார்க்க முடியாத இடத்தில், கேள்வி கேட்ட ஊழியர் ஒதுக்கப்படும் இடத்தில், ஆண்டுப் பொதுக்கூட்டம் கைதட்டலோடு முடிந்துவிடும் இடத்தில் தேர்தலும் சடங்காகிவிடும். வடகரை அருகே 1925-இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் இயக்கத்தில் ஊறிய கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய அது இன்று பாலங்களையும் சாலைகளையும் கட்டுகிறது. கோழிக்கோட்டில் சைபர் பார்க்கும் நடத்துகிறது. அங்கே ஒரே தலைவர் பல ஆண்டுகள் நீடித்திருக்கிறார். ஆனால் உறுப்பினர்களான தொழிலாளர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்கள் மாலைதோறும் கூடி, ஒவ்வொரு பணியிடத்திலும் அன்று என்ன நடந்தது என்று கேட்டறிவதை அந்தச் சங்கம் பழக்கமாக வைத்திருக்கிறது. எத்தனை ஆண்டு உட்கார்ந்தார் என்பதைவிட, எத்தனை நாளுக்கு ஒருமுறை பதில் சொன்னார் என்பதே முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது. விரைவான முடிவுக்குக் கூட்டு நிர்வாகம் தடை என்பவர்களுக்கும் இதுவே பதில்: தினமும் பேசிக்கொள்கிறவர்களுக்கு முடிவெடுக்க நெடுநேரம் ஆவதில்லை.

நல்ல ஏற்பாடு இருந்தால் எல்லாம் கைகூடிவிடும் என்று சொல்லவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பாலராமபுரம் அதற்கு எச்சரிக்கை. பாலராமவர்ம மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் தறியில் பிறந்த கசவுச் சேலையும் வேட்டியும் 2009-இல் புவிசார் குறியீடு பெற்றன. தார் சுற்றுபவர், தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுபவர், குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர் என்று பல கைகள் சேர்ந்தால்தான் ஒரு வேட்டி உருவாகும். ஒருவர் கை தளர்ந்தால் எல்லாருடைய உழைப்பும் வீண். இதைவிட நெருக்கமான பணி உறவு வேறு தொழிலில் அபூர்வம். ஆனாலும் விசைத்தறித் துணியின் விலைக்கு முன்னால் நிற்க முடியாமல் கூலி தாழ்ந்தது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். 2017-இல் பள்ளிச் சீருடையைக் கைத்தறியில் அரசு வழங்கத் தொடங்கியதும் தறிகளுக்கு மீண்டும் வேலை வந்தது. நல்ல உறவும் நல்ல சங்கமும் இருந்தாலும் சந்தை வேண்டும். அதைத் தேடிப் பிடிப்பதும் தலைமையின் கடமை. அந்தக் கடமையைச் செய்தாரா என்று கேட்கும் உரிமையும் நெய்பவருக்கு இருக்க வேண்டும்.

தனியார் நிறுவனத்தில் முதலாளி வைத்ததுதானே சட்டம், அங்கே மேலாளரைத் தேர்தல் வைத்தா நியமிக்க முடியும் என்பது கடைசிக் கேள்வி. தேர்தல் தேவையில்லை. பதவி உயர்வு எந்த அளவுகோலில் கிடைக்கும் என்று எழுதி வைக்கலாம். மாதாந்தரக் கூட்டத்தில் இளையவர் முதலில் பேசட்டும் என்று வழக்கம் ஏற்படுத்தலாம். தவறைச் சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்பதை ஒருமுறையாவது செய்து காட்டலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மேலதிகாரி நல்லவராக இருப்பார் என்ற நம்பிக்கையில் அந்தச் சட்டம் நிற்கவில்லை. அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதில் நிற்கிறது. 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கை, அப்படி ஓர் இடம் இல்லாததால் மலையாளத் திரைத் துறைப் பெண்கள் என்னென்ன அனுபவித்தார்கள் என்பதை நாடறியச் செய்தது.

ஆகவே பாறசாலையிலிருந்து முதல் வேலைக்குப் புறப்படும் இளைஞரும் இளம்பெண்ணும் தங்களைத் திருத்திக்கொள்வதோடு நிறுத்திவிடக் கூடாது. போகும் இடத்தையும் எடைபோட வேண்டும். கடைசியாக இங்கே பதவி உயர்ந்தவர் எப்படி உயர்ந்தார், தவறு நடந்தால் முதலில் யாரைத் தேடுவார்கள், காரணத்தையா ஆளையா, புகார் சொன்னவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம். சம்பளத்தைப் பற்றிக் கேட்பதைப் போலவே இதையும் கூச்சமின்றிக் கேட்கலாம். நாளை அவர்களே மேலாளரானால் அவர்கள் முன் ஒரே ஒரு தேர்வு இருக்கும்: தங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியுள்ள நாலு பேரை வளர்த்தார்களா? தலைமையின் வெற்றியை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. அயல்கூட்டத்துப் பெண்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை இந்தத் தேர்வை எழுதுகிறார்கள். நம் அலுவலகங்களும் எழுத வேண்டும்.