இஞ்சி சுக்காகும்போது

ஈரமும் நிழலும் நாடும் இஞ்சிக்கு, மூன்று குன்றுகளை அரணாகக் கொண்ட செஞ்சியின் வறண்ட நிலம் உகந்ததன்று. ஆயினும் தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே அங்கும் சுக்கு இல்லாத சமையலறை அரிது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் என்னும் சேர்மம், கிழங்கு உலரும்போதும் சூடாகும்போதும் ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து ஷோகாலாக மாறுகிறது. இஞ்சியின் ஜப்பானியப் பெயரைத் தழுவிப் பெயரிடப்பட்ட இந்த ஷோகால், ஜிஞ்சராலைவிடக் காரம் மிகுந்தது என்பதை நோக்க, இஞ்சியையும் சுக்கையும் தனித்தனி மருந்துகளாகவே கையாண்ட சித்த மருத்துவர்களின் நுண்ணறிவு வியப்பூட்டுகிறது. சுக்கின்மீது சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் மேல்தோலைச் சீவி எறிந்து, எஞ்சிய வெளிர்நிறச் சதையை மட்டுமே மிளகு, திப்பிலியுடன் சேர்த்துத் திரிகடுகச் சூரணமாக இடிப்பது அவர்கள் வழக்கம்.

குமட்டலைத் தூண்டும் செரட்டோனின் ஏற்பிகளை, அதாவது அந்த வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் நரம்பு வாயில்களை, ஜிஞ்சராலும் ஷோகாலும் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மசக்கைக் குமட்டலை இஞ்சி ஓரளவு தணிப்பது மருத்துவ ஆய்வுகளிலும் தெரியவந்துள்ளது. வாந்தியை நிறுத்துவதற்கான சான்று அத்துணை வலுவானதன்று. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோர், இஞ்சியை உணவளவுக்கு மிஞ்சி மருந்தாக எடுக்குமுன் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.