பொறுப்பான பிள்ளையின் மனசுக்குள்ளே...



குடியைப் பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். காசு கரைவதைப் பேசுகிறோம், அடி உதையைப் பேசுகிறோம். ஆனால் அந்த வீட்டில் வளரும் பிள்ளையின் குணம் எப்படி மாறுகிறது என்று பேசுவது குறைவு. இந்த மாதம் அதை ஒரு கதையை வைத்துப் பார்ப்போம்.

பெட்டி ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1943-ல் ஒரு நாவல் எழுதினார். ‘புரூக்ளினில் ஒரு மரம் வளர்கிறது’ என்பது அதன் பெயருக்கு அர்த்தம். 1945-ல் சினிமாவாகவும் வந்தது. கதை 1912-ல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் தொடங்குகிறது. பிரான்சி 11 வயதுப் பெண். அவளுக்கு நீலி என்று ஒரு தம்பி. அப்பா ஜானி பாட்டுப் பாடிக்கொண்டே உணவு பரிமாறும் வேலை செய்பவர். தங்கமான மனுஷர்தான். ஆனால் குடியை விட முடியவில்லை. வேலையும் நிலையாக இல்லை. அம்மா கேட்டி அடுத்த வீடுகளின் தரையைத் தேய்த்துக் கழுவிக் குடும்பம் நடத்துகிறாள்.

கேட்டியிடம் ஒரு உண்டியல் உண்டு. தகர டப்பா ஒன்றைத் தரையோடு ஆணி அடித்து வைத்திருப்பாள். பிள்ளைகள் கந்தலும் பழைய சாமானும் பொறுக்கி விற்ற காசில் பாதி அதில் விழும். நம்ம சந்தா மாதிரிதான்! என்றைக்காவது ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது கனவு.

இந்த வீடு பிரான்சியின் குணத்தை எப்படி உருவாக்கியது?

பாசமும் உண்டு, வெட்கமும் உண்டு

அப்பா என்றால் பிரான்சிக்கு உயிர். அவள் ஆசைப்பட்ட நல்ல பள்ளிக்கூடத்தில் சேர, வேறு விலாசம் கொடுத்து இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதே அப்பா தள்ளாடி வரும்போது அவளுக்கு வெட்கமும் பயமும் வரும். இரண்டும் ஒரே மனசில் இருக்கும். நாம் கோபத்தில், ‘உங்க அப்பன் உருப்படாதவன், அவனை நினைக்காதே’ என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையால் அப்படி அறுத்துக்கொள்ள முடியாது. அப்பா மேல் பாசம் வைத்ததே தப்போ என்று உள்ளுக்குள் குமைந்துபோகும்.

மறைக்கும் பழக்கம்

பள்ளியில் ஒருநாள் மீந்த பலகாரம் யாருக்கு வேண்டும் என்று டீச்சர் கேட்கிறார். பிரான்சிக்கு ஆசை. ஆனால் கேட்க மானக்கேடாக இருக்கிறது. ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லி வாங்குகிறாள். டீச்சர் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் திட்டவில்லை. ‘நடந்ததை நடந்தபடி சொல்லு, கற்பனையை எழுதி வை’ என்கிற மாதிரி புத்தி சொல்கிறார். அந்த ஒரு வார்த்தை அவளை எழுதுகிற பிள்ளையாக மாற்றுகிறது. குடி உள்ள வீட்டுப் பிள்ளைகள் பொய் சொல்வது பல நேரம் திருட்டுப் புத்தியால் அல்ல, வீட்டு மானத்தைக் காப்பாற்றத்தான்.

வயசுக்கு மீறின பொறுப்பு

1915-ல் ஜானி இறந்துபோகிறார். சாவுக்குக் காரணம் குடியும் நிமோனியாவும். பிள்ளைகளுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது, நிமோனியா என்று மட்டும் எழுதுங்கள் என்று கேட்டி டாக்டரைக் கெஞ்சுகிறாள். நிலம் வாங்கச் சேர்த்த உண்டியல் காசு அவருடைய கல்லறைக்கு இடம் வாங்கப் போகிறது.

பிரான்சி 14 வயதிலேயே வேலைக்குப் போகிறாள். ஒருவரைத்தான் மேல்படிப்புக்கு அனுப்ப முடியும் என்றபோது, கேட்டி மகனை அனுப்புகிறாள். ‘அவனைக் கட்டாயப்படுத்தினால்தான் படிப்பான். இவள் எப்படியும் சமாளிப்பாள்’ என்பது கணக்கு. உறுப்பினர்களே, இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். சமாளிக்கிற பிள்ளைக்கு மேலும் மேலும் சுமை ஏற்றுகிறோம். ‘எங்க பாப்பா ரொம்பப் பொறுப்பு’ என்று மெச்சிக்கொள்கிறோம். அந்தப் பொறுப்புக்குள் எத்தனை பயம் இருக்கிறது என்று கேட்பதில்லை.

எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இல்லை

ஒரே வீட்டில் ஒன்று பொறுப்பாகும், ஒன்று வம்புக்குப் போகும், ஒன்று மூலையில் ஒடுங்கும், ஒன்று கோமாளித்தனம் செய்து எல்லாரையும் சிரிக்க வைக்கும். அமெரிக்காவில் 1980-களில் கிளாடியா பிளாக் என்பவர் இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பேசக்கூடாது, யாரையும் நம்பக்கூடாது, மனசில் இருப்பதைக் காட்டக்கூடாது என்ற மூன்றையும் இவர்கள் வீட்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள் என்றார். பெரியவர்களான பிறகும் இந்தப் பழக்கம் தொடரலாம். ஆனால் இது தலையெழுத்து அல்ல. நம்பிக்கையான பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் இருந்தாலே பிள்ளை தேறி வர வாய்ப்பு கூடும். பிரான்சிக்கு உழைக்கும் அம்மா இருந்தாள், புத்தகங்கள் இருந்தன. அவளும் தேறி, கடைசியில் கல்லூரிக்குப் போகிறாள்.

நாம் என்ன செய்யலாம்?

* ‘அப்பா குடிப்பதற்கு நீ காரணம் இல்லை. அதை நிறுத்துவதும் உன் வேலை இல்லை’ என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.
* கடைக்குப் போய் அப்பாவைக் கூட்டி வா என்று பிள்ளையை அனுப்பாதீர்கள்.
* சாப்பாடு, படிப்பு, தூக்கம் மூன்றும் முடிந்தவரை நேரத்துக்கு நடக்கட்டும். வீட்டில் எது ஆடினாலும் இது ஆடக்கூடாது.
* அமைதியாக இருக்கும் பிள்ளையிடமும் தினம் பத்து நிமிஷம் பேசுங்கள்.
* குடி ஒரு நோய், சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. மூன்றுமே இலவச எண்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் கடன், வசூல் முடிந்ததும் பிள்ளைகளுக்காகவும் கொஞ்ச நேரம் ஒதுக்குவோம். யார் வீட்டுப் பிள்ளை என்று பெயர் சொல்லிப் பேச வேண்டாம். ஊரில் எந்தப் பிள்ளை வாடி இருக்கிறதோ, அதோடு தினம் பேச நம்மில் ஒருத்தர் முன்வந்தால் போதும்.