தாத்தா ஏன் ரோட்டில் நடக்கிறார்?

"பிளாட்பாரம் இருக்கில்ல? எதுக்குய்யா ரோட்டுல நடக்கறே?" என்று கத்துகிற பைக்காரரை அதே பிளாட்பாரத்தில் ஒரு நூறடி நடக்கவிட்டுப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு ஏறணும். பத்தடியில் ஒரு வீட்டு கேட், இறங்கணும். மறுபடி ஏறினால் டிரான்ஸ்ஃபார்மர். சுற்றி வந்தால் டீக்கடை பெஞ்சு. நடையா இது, பஸ்கி! மூட்டுவலித் தாத்தா என்ன செய்வார்? பஸ் உரசினாலும் பரவாயில்லை என்று ரோட்டோரமாகவே போகிறார். தப்பு தாத்தாவிடம் இல்லை, பிளாட்பாரத்தின் உயரத்தில்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. இந்திய சாலை காங்கிரஸ் (கட்சி இல்லை சார், ரோடு போட விதிமுறை எழுதுகிற அமைப்பு) 2012-ல் வெளியிட்ட வழிகாட்டியில், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அரை அடி! தடங்கலில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர். கேட் வருகிற இடத்தில் நடைபாதை இறங்கக் கூடாது. கார்தான் ஏறி இறங்கணும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. நடக்கிறவனுக்குக் கார் மரியாதை கொடுக்கிற ஒரே இடம்!

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனிக் கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் இவர்களுக்கு என்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் விசாலமான நடைபாதை திறந்தார்கள். குடும்பத்தோடு கைகோத்து நடக்கலாம். சரி, உங்கள் தெருவில்?

புதுசாகப் பிளாட்பாரம் போட்டால், பையனின் ஸ்கூல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். பாதி ஸ்கேலைத் தாண்டினால், "ஏன் சார் இவ்வளவு உயரம்?" என்று வார்டு இன்ஜினீயரைக் கேளுங்கள். சிமென்ட் காய்வதற்குள் கேட்பது உத்தமம்.