கணிப்பொறியின் அட்டவணை பழுதுபட்டால்...

மழைக்கால இரவொன்றில் திடீரென மின்சாரம் நின்றது. எங்கள் மத்ரஸா அலுவலகத்துக் கணிப்பொறி அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அதனை இயக்கினால், வட்டில் பிழை உள்ளது என்ற அறிவிப்பே முதலில் தென்பட்டது. மாணவர் பதிவேடுகள் ஒருபுறமிருக்க, எங்களுக்கெல்லாம் உஸ்தாதாக விளங்கி வஃபாத்தாகிவிட்ட பெரிய ஹஜ்ரத் (ரஹ்) அவர்களின் பயான்கள், அவர்களது குரலிலேயே, அதனுள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. அந்தக் கோப்புறையோ திறக்க மறுத்தது.

"பிழை நீக்கும் கட்டளையைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்" என்றார் அருகிலிருந்தவர். நானும் விசைப்பலகையில் விரலை வைத்துவிட்டேன். எங்களிடம் ஓதிப் பின்னர் கணிப்பொறித் துறைக்குச் சென்ற மாணவர் ஒருவர் தொலைபேசியில் தடுத்தார்: "ஹஜ்ரத், பொறுங்கள். அதை அணைத்து வையுங்கள். நான் வருகிறேன்."

அவர் ஏன் தடுத்தார்? ஹார்டு டிஸ்க்கைப் பெரியதொரு நூலகமாகக் கருதுங்கள். எந்த நூல் எந்த அலமாரியில் உள்ளது என்று காட்டும் அட்டவணை அங்கே உண்டல்லவா? கோப்பு முறைமை என்பது அதுவே. 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். முறையில், அட்டவணையில் செய்யவிருக்கும் மாற்றம் முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. இடையில் மின்சாரம் நின்றாலும், பெரும்பாலும் அக்குறிப்பைக் கொண்டே அட்டவணை சீராகிவிடும். ஆனால் அது காப்பது அட்டவணையைத்தான். நூல்களின் உள்ளடக்கத்தை அன்று.

விண்டோஸில் உள்ள 'செக்டிஸ்க்' என்னும் கருவியின் நோக்கும் இத்தகையதே. பெயரை மட்டும் கொடுத்தால், பிழையைப் பார்த்துச் சொல்லும், எதையும் மாற்றாது. சாய்கோடிட்டு 'எஃப்' என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் திருத்தும். 'ஆர்' சேர்த்தால், திருத்துவதுடன் வட்டு முழுவதையும் படித்துப் பழுதான இடங்களையும் தேடும். பெரிய வட்டாயின் பல மணி நேரம் ஆகும். விண்டோஸ் குடியிருக்கும் 'சி' பகுதியை, அது இயங்கும்போதே திருத்த இயலாது. ஆகவே அடுத்த முறை தொடங்கும்போது செய்யட்டுமா என்று கேட்கும். அவ்வேளையில் மின்சாரத்தைத் துண்டித்துவிடலாகாது.

அட்டவணையில் முரண்பாடு இல்லாமற் செய்வதே அதன் பணி. சிதைந்த பதிவு ஒன்றைக் கண்டால் அதனை நீக்கிவிடவும் கூடும். உரிமையாளர் தெரியாத துண்டுகளை 'ஃபவுண்ட்' எனத் தொடங்கும் கோப்புறையில், பெயரின்றி வெறும் எண்ணிட்டுப் போட்டு வைக்கும். அட்டவணை ஒழுங்காகும், நூல் தொலைந்து போகலாம். செய்த திருத்தத்தைத் திரும்பப் பெறும் வழியும் அதில் இல்லை. பிழையற்ற அட்டவணையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

மாணவர் வந்தார். முதலில் வட்டைக் காதருகே வைத்துக் கேட்டார். 'டக் டக்' என்று ஓசை வந்திருந்தால் எந்தக் கட்டளையும் கொடுத்திருக்க மாட்டாராம். அது அட்டவணைக் கோளாறு அன்று, இயந்திரக் கோளாறு. ஓட ஓடச் சேதம் மிகும். நல்லவேளையாக ஓசை இல்லை. வட்டைக் கழற்றித் தம் கணிப்பொறியில் இணைத்து, அதனினும் கொள்ளளவு மிக்க மற்றொரு வட்டில் முழுவதையும் அப்படியே படியெடுத்தார். அஸ்ர் வரை ஆயிற்று. எனக்குப் பொறுமை இல்லை, அவருக்கு இருந்தது.

அதன் பின்னரே திருத்தும் கட்டளை. கோப்புறை திறந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்றோம். எண்ணிப் பார்த்தால் 41 பயான்களில் 3 இல்லை. எடுத்து வைத்த படியில் மீட்பு மென்பொருளைச் செலுத்தி அம்மூன்றையும் தேடினார். இரண்டு முழுமையாகக் கிடைத்தன. மூன்றாவதில் ஹஜ்ரத் அவர்கள் துஆவைத் தொடங்கியதும் ஒலி நின்றுவிடுகிறது.

இப்போது அவற்றின் பிரதிகள் என் இல்லத்தில் ஒன்றும், அம்மாணவர் இல்லத்தில் ஒன்றுமாக உள்ளன.